விழுந்தால் யார் வீட்டுக்கு? விழாவிட்டால் யார் நாட்டுக்கு?

தமிழில் சில சொற்கள் தாமாகவே உண்மையைப் போட்டு உடைத்துவிடும். காசு கொடுத்து வாங்கி, மேலே பூசியிருக்கிற பூச்சை நகத்தால் சுரண்டி, உள்ளே பரிசு இருக்கிறதா என்று பார்க்கிற சீட்டுக்குச் சுரண்டல் லாட்டரி என்று பெயர். உழைக்கிறவனின் கூலியைத் திருடிக் கொழுப்பதற்கும் அதே சொல்தான். எந்தப் பண்டிதரும் உட்கார்ந்து யோசித்துச் செய்த சிலேடை இல்லை இது. ஆனாலும் இதைவிடப் பொருத்தமான பெயரை யாராலும் வைத்திருக்க முடியாது. நகம் நம்முடையது, காசும் நம்முடையது. சுரண்டுகிறவன் மட்டும் வேறொருவன்.

'லாட்டரியைத்தான் 2003 ஜனவரியிலேயே தமிழ்நாட்டில் தடை பண்ணிட்டாங்களே, இப்ப எதுக்கு இந்தப் பேச்சு' என்று தோழர்கள் கேட்கலாம். தடையும் இருக்கிறது, சீட்டும் இருக்கிறது. கேரள அரசு தினமும் நடத்துகிற குலுக்கலின் முடிவில் வருகிற கடைசி மூன்று இலக்கத்தை வைத்து இங்கே மூணு நம்பர் லாட்டரி ஓடுகிறது. முன்பு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள், இப்போது செல்போனில் அனுப்புகிறார்கள். வாளையாறுக்கும் குமுளிக்கும் ஆரியங்காவுக்கும் எல்லை தாண்டிப் போய் அசல் சீட்டே வாங்கி வருகிறவர்களும் உண்டு. 2023ஆம் ஆண்டு திருவோணம் பம்பர் 25 கோடி, தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் வாளையாறில் வாங்கிய சீட்டுக்கு விழுந்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எத்தனை பேர் மறுநாளே பஸ் ஏறியிருப்பார்கள் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு செய்தியையும் மறக்கக் கூடாது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளி மூணு நம்பர் லாட்டரியில் கடன்பட்டு, மூன்று பெண் குழந்தைகளுக்கும் நஞ்சைக் கொடுத்து, மனைவியோடு தானும் செத்துப்போனார். சாவதற்கு முன் செல்போனில் பேசிப் பதிவு செய்து, காரணத்தைச் சொல்லிவிட்டே போனார். உடனே மாவட்டம் முழுக்கச் சோதனை நடந்தது. பிடிபட்டவர்கள் பட்டியல் பத்திரிகையில் வந்தது. தடை போட்டுப் பதினாறு வருசம் கழித்து ஐந்து பிணம் விழுந்த பிறகுதான் லாட்டரி விற்பது காவல்துறையின் கண்ணுக்குத் தெரிந்தது.

சீட்டு வாங்குகிறவன் எல்லாச் சாதியிலும் இருக்கிறான். அப்படியிருக்க ஒரு தலித் பத்திரிகை இதைத் தலையங்கமாக எழுத வேண்டிய அவசியம் என்ன? அவசியம் இருக்கிறது. ஊர்த்தெருக்காரன் சீட்டு வாங்கித் தோற்றால் அவனுக்கு அப்பன் விட்டுப்போன காணியோ கடையோ மிச்சமிருக்க வாய்ப்புண்டு. பங்காளி கைமாற்றாகக் கொடுப்பான், சாதிச் சங்கம் கைகொடுக்கும். நமக்கு அப்படி ஒன்றும் இல்லை. சொத்து வைத்துக்கொள்ளக்கூடாது என்று சாத்திரம் எழுதி நூற்றாண்டுக்கணக்கில் அமல்படுத்தப்பட்ட மக்களுக்கு, ஒரே தலைமுறையில் ஒரு வீடு, ஒரு காணி என்பது கூலியில் மிச்சம் பிடித்து வராது. அவனுக்கு அப்பன் சொத்து, நமக்கு அதிர்ஷ்டம். இப்படித்தான் இந்த நாடு பாகம் பிரித்து வைத்திருக்கிறது.

1968இல் அண்ணா முதல்வராக இருந்தபோது தமிழ்நாட்டு அரசு பரிசுச் சீட்டைத் தொடங்கியது. பக்கத்தில் கேரளத்தில் 1967இலேயே அதற்கென்று துறை ஏற்படுத்தி, 1968 ஜனவரி 26இல் முதல் குலுக்கல் நடத்தினார்கள். ஒரு ரூபாய்ச் சீட்டு, 50,000 ரூபாய் பரிசு. அங்கே நடந்தது இடதுசாரி ஆட்சி, இங்கே பகுத்தறிவுப் பேசிய ஆட்சி. விதியை நம்பாதே என்று சொன்ன இரண்டு அரசியலும் ஒரே சமயத்தில் அதிர்ஷ்டத்தை அச்சடித்து விற்றன. கஜானா காலி, மதுவிலக்கால் வருமானம் இல்லை, மத்திய அரசு கொடுப்பதில்லை என்று காரணங்கள் இருந்தன. காரணம் இல்லாமல் எந்த அரசும் எதையும் செய்வதில்லை. இங்கே அதற்கு ஒரு முழக்கமும் வைத்தார்கள். விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு. கேட்கச் சுகமாக இருக்கிறது. நம் தெருவில் நின்று கேட்டால் வேறு மாதிரி கேட்கிறது.

எந்த வீடு? எந்த நாடு?

சீட்டு வாங்குகிற நம் ஆளை நிறுத்தி, 'விழுந்தா என்னப்பா பண்ணுவ' என்று கேட்டுப் பாருங்கள். கப்பல் வாங்குவேன் என்று ஒருவனும் சொல்ல மாட்டான். 'ஒரு மனை வாங்கி ஒழுகாத வீடா ஒண்ணு கட்டணும். புள்ளைய நல்ல பள்ளிக்கூடத்துல சேக்கணும். கடனை அடைக்கணும். ரெண்டு காணி நெலம் வாங்கணும், அடுத்தவன் வரப்புல நிக்காம.' இவ்வளவுதான். வீடு, படிப்பு, நிலம். இதில் எது பரிசு? இதில் எது அதிர்ஷ்டம்? ஒரு குடியரசு தன் குடிமக்களுக்குப் பட்டிருக்கிற கடன் இது. கடன்காரன் கடனைத் திருப்பித் தராமல், 'ஒரு சீட்டு வாங்கு, குலுக்கிப் போடுறேன், உன் நம்பர் வந்தா தர்றேன்' என்று சொல்வதற்குப் பெயர்தான் லாட்டரி.

நிலம் என்றால் வெறும் ஆசைப்பேச்சு இல்லை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்து 1892இல் வெள்ளைக்காரன் அரசு ஒடுக்கப்பட்ட சாதியாருக்கென்று நிலம் ஒதுக்கியது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிற அந்த நிலத்தை நம்மிடமிருந்து வேறு ஆள் வாங்கினால் செல்லாது என்று நிபந்தனை இருந்தும், பெரும்பகுதி கைமாறிப் போய்விட்டது. அதைத் திருப்பிக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபர் 10இல் துப்பாக்கிச் சூடு நடந்து, ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். காரணை என்ற ஊர்ப்பெயரை நாம் அப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம். உரிமை என்று கேட்டால் குண்டு. அதிர்ஷ்டம் என்று கேட்டால் சீட்டு. இரண்டுக்கும் விலை நாம்தான் கொடுக்கிறோம்.

சரி, விழவில்லை, நாட்டுக்குப் போனது. போன பணம் சேரிப் பக்கம் வந்ததா? 1979-80இல் பட்டியல் சாதியினருக்காகச் சிறப்புக் கூறுத் திட்டம் என்று கொண்டுவந்தார்கள். மக்கள்தொகையில் நமக்கிருக்கிற விகிதத்துக்குத் திட்டப்பணத்தில் பங்கு ஒதுக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் நாம் நூற்றுக்கு 20 பேர். ஒதுக்குவதில் பாதி, ஒதுக்கியதைச் செலவழிக்காமல் திருப்புவதில் மீதி என்று வருசா வருசம் அந்தப் பணம் போகிற வழி நமக்குத் தெரியும். 2010இல் தில்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுக்கு இந்தப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்ததை நாடாளுமன்றத்திலேயே ஒத்துக்கொண்டார்கள். நாட்டுக்கு என்று சொல்லி நம்மிடம் வாங்கும்போது நாம் குடிமக்கள். நாட்டிலிருந்து நமக்குக் கொடுக்கும்போது மட்டும் நாம் நலத்திட்டப் பயனாளிகள்.

கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். மூன்று இலக்கம் என்றால் 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். ஒரு சீட்டு 50 ரூபாய், மூன்று எண்ணும் பொருந்தினால் 25,000 ரூபாய் என்று ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேர் ஆளுக்கொரு எண் வாங்கினால் வசூல் 50,000. கொடுப்பது 25,000. பாதி அவன் சட்டைப்பையில். இதில் ஏமாற்றே இல்லை, மோசடியே இல்லை, எல்லாம் நேர்மையாகவே நடந்தாலும் கணக்கு இதுதான். கேரளத்து பம்பர் என்றால் 500 ரூபாய்ச் சீட்டு, 25 கோடிப் பரிசு. முதல் பரிசை மட்டும் ஈடுகட்டவே 5 லட்சம் சீட்டு விற்க வேண்டும். விழுந்தவனுக்கும் முழுசாக வருவதில்லை. முகவர் கமிஷன் போக, பரிசுப் பணத்துக்கு 30 விழுக்காடு வருமான வரி, அதற்கு மேல் கூடுதல் வரி. இந்தப் பக்கம் தினமும் 50 ரூபாய்க்குச் சீட்டு வாங்குகிற ஒருவன் வருசத்துக்கு 18,250 ரூபாய் போடுகிறான். பத்து வருசத்தில் 1,82,500. ஒழுகாத கூரை அதில் வந்திருக்கும்.

ஆனால் கணக்குச் சொன்னால் மட்டும் ஆள் விட்டுவிடுவானா? மாட்டான். ஏனென்றால் அவன் வாங்குவது கணக்கை இல்லை. குலுக்கல் நடக்கிற வரைக்கும் கனவு காண ஒரு உரிமையை வாங்குகிறான். அந்தச் சில மணிநேரம் அவன் பண்ணைக்காரனுக்குக் கடன்பட்டவன் இல்லை, துப்புரவு மேஸ்திரியிடம் பேச்சு வாங்குகிறவன் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் அவனிடம் பேசப் போனால், நம் பேச்சு வாத்தியார் அதட்டல் மாதிரிதான் இருக்கும்.

சுரண்டல் சீட்டு இந்தக் கனவையும் இன்னும் சுருக்கிவிட்டது. 1974இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில அரசுதான் இன்றைய வடிவத்தில் இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. குலுக்கல் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், சுரண்டியதும் தெரிந்துவிடும். இரண்டு படம் ஒத்துப்போகும், மூன்றாவது ஒத்துப்போகாது. 'அட, ஒண்ணுலதான் போச்சு' என்று இன்னொன்று வாங்க வைக்கும். உண்மையில் ஒன்றில் போகவில்லை. எந்தச் சீட்டுக்குப் பரிசு, எந்தச் சீட்டுக்கு இல்லை என்பதை அச்சகத்திலேயே தீர்மானித்து, மேலே பூச்சுப் பூசி அனுப்பிவிட்டார்கள். நம் கையில் வந்து சேரும்போது எல்லாம் முடிந்துபோன விசயம். நாம் சுரண்டுவது முடிவை மாற்றுவதற்கு இல்லை, முடிவைத் தெரிந்துகொள்வதற்கு மட்டும்.

இந்தக் கதையை நமக்கு ஏற்கெனவே யாரோ சொல்லியிருக்கிறார்கள் இல்லையா? பிறக்கும்போதே தலையில் எழுதி, மேலே தோலைப் போட்டு மூடி அனுப்பிவிட்டான், வாழ்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான் என்று. விதி, கர்மா, பூர்வசென்மப் பலன், தலையெழுத்து. பார்ப்பனியம் நம்மை ஆயுதத்தால் மட்டும் அடக்கி வைக்கவில்லை. நம் தாழ்வுக்கு நாமே, அதுவும் போன பிறவியில் நாமே, காரணம் என்று நம்மை நம்ப வைத்தது. லாட்டரி அதே சரக்கை மதச்சார்பற்ற காகிதத்தில் அச்சடித்து விற்கிறது. உனக்கு விழவில்லையா, யார் மேலும் குற்றமில்லை, உன் நேரம் சரியில்லை. அடுத்த முறை பார்க்கலாம். அடுத்த பிறவி என்று புரோகிதன் சொன்னதை அடுத்த குலுக்கல் என்று ஏஜெண்ட் சொல்கிறான். புரோகிதனுக்கு அடுத்த பிறவி வரை தவணை வேண்டியிருந்தது. இவனுக்கு மறுநாள் சாயங்காலம் போதும்.

அரசு சூதை நடத்திக் காசு பார்ப்பதும் புதுசு இல்லை. கௌடில்யனின் அர்த்தசாத்திரத்திலேயே சூதாட்டத்துக்கென்று ஒரு அத்தியட்சனை நியமித்து, அரசு குறித்த இடத்தில் மட்டும் ஆடச் சொல்லி, ஜெயித்த பணத்தில் நூற்றுக்கு ஐந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. அம்பேத்கர் பண்டைய இந்தியாவில் புரட்சியும் எதிர்ப்புரட்சியும் பற்றி எழுதி முடிக்காமல் விட்ட நூலில், ஆரிய சமுதாயத்தில் குடியும் சூதும் எந்த அளவுக்கு இருந்தன என்பதை விரிவாக எடுத்துக்காட்டுகிறார். அந்தச் சமுதாயத்துக்கு எதிராகத்தான் புத்தர் பேசினார். சிகாலோவாத சுத்தத்தில் செல்வம் அழிகிற ஆறு வழிகளைச் சொல்லும்போது சூதையும் ஒன்றாகச் சொல்கிறார். ஜெயித்தவனைப் பகைப்பார்கள், தோற்றவன் போன பொருளை நினைத்து அழுவான், சபையில் அவன் சொல்லுக்கு மதிப்பிருக்காது என்று காரணங்களையும் அடுக்குகிறார். பாவம் என்றோ நரகம் என்றோ பயமுறுத்தவில்லை. இந்த உலகத்தில் கண்ணுக்குத் தெரிகிற நட்டத்தை எண்ணிக் காட்டுகிறார். நம் ஆட்களிடம் பேச வேண்டிய முறையும் அதுதான்.

அரசியல் நிர்ணய சபையில் 1949 செப்டம்பரில் சூதாட்டம் பற்றிய சட்டப் பதிவு விவாதத்துக்கு வந்தது. காந்தி பெயரைச் சொல்கிற நாட்டில் இதற்கு ஒரு பதிவா என்று சிலர் எதிர்த்தார்கள். அம்பேத்கர் கொடுத்த பதில் கவனிக்கத்தக்கது. பதிவை எடுத்துவிட்டால் சூதாட்டம் ஒழிந்துவிடாது, அதைக் கட்டுப்படுத்தவும் தடைசெய்யவும் மாநிலத்துக்கு இருக்கிற அதிகாரம்தான் போகும் என்றார். ஒழுக்கப் பிரசங்கத்துக்கும் அதிகாரத்தைப் பற்றிய தெளிவுக்கும் உள்ள வித்தியாசம் இது. அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு பின்னால் வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் நம் கேள்வி. ஒரு நம்பர் லாட்டரி நம் வீதிகளைக் கொள்ளையடித்து முடித்த பிறகு, 1998இல் மத்திய அரசு சட்டம் போட்டு ஒற்றை இலக்கச் சீட்டைத் தடுத்தது. நாகாலாந்து, சிக்கிம், பூட்டான் என்று மலைமக்களின் மண்ணுடைய பெயர்களைச் சீட்டில் போட்டு இங்கே முக்குக்கு முக்கு விற்ற காலம் அது. அரசு நடத்தினாலும் லாட்டரி சூதுதான் என்று 1999இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சொன்ன பிறகும் பல மாநில அரசுகள் நடத்திக்கொண்டுதான் இருக்கின்றன.

நீதிமன்றம் என்றதும் இன்னொரு தீர்ப்பு ஞாபகத்துக்கு வருகிறது. குதிரைப் பந்தயம் சூதா இல்லையா என்று வழக்கு. சென்னை கிண்டிப் பந்தயத் திடல் சம்பந்தப்பட்டது. 1996இல் உச்ச நீதிமன்றம், அது திறமை சார்ந்த ஆட்டம், சூது அல்ல என்றது. ரம்மியும் திறமை சார்ந்தது என்று 1968லேயே தீர்ப்பு உண்டு. கோட்டுப் போட்டவன் குதிரை மேல் கட்டினால் திறமை. மனமகிழ் மன்றத்தில் குளிர்சாதன அறையில் சீட்டுப் பிடித்தால் திறமை. புளியமரத்தடியில் நாலு கூலிக்காரன் துண்டை விரித்து ஆடினால் போலீஸ் வேன் வரும். மண்டல் குழு அறிக்கை அமலாகிறது என்று 1990இல் அறிவித்தபோது தகுதி போச்சு, திறமை போச்சு என்று தீக்குளித்த நாடு இது. குதிரைக்குத் திறமை உண்டு என்று ஒத்துக்கொள்கிறார்கள். குதிரை மேல் பணம் கட்டுகிறவனுக்கும் திறமை உண்டு என்று ஒத்துக்கொள்கிறார்கள். குதிரை லாயத்தில் சாணி அள்ளுகிறவனின் பிள்ளைக்குத் திறமை உண்டு என்று ஒத்துக்கொள்ளத்தான் இன்னும் மனசு வரவில்லை.

இந்த விசயத்தில் இரண்டு குரல்களோடு நாம் மோத வேண்டியிருக்கிறது.

ஒன்று, வெளியிலிருந்து வருகிற உபதேசம். 'உழைக்காம சம்பாதிக்கணும்னு பேராசை, அதான் இவங்க முன்னேற மாட்டேங்கிறாங்க.' உழைக்காமல் சம்பாதிப்பது பற்றிப் பேச இந்த நாட்டில் யாருக்கு யோக்கியதை இருக்கிறது? நிலத்தில் கால் வைக்காமல் வாரம் வாங்குகிறவனுக்கா? தட்டில் விழுகிற காசுக்கு மந்திரம் சொல்கிறவனுக்கா? பங்குச் சந்தையில் காலையில் வாங்கி மாலையில் விற்கிறவனுக்கா? நாற்று நட்டு, களை பறித்து, மலம் அள்ளி, கல் உடைத்து, அதற்கும் கூலி சரியாகக் கிடைக்காத மனிதன், ஒரே ஒரு நாள் உழைக்காமல் பணம் வந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறான். உழைப்பு தெய்வம் என்று அவனுக்குப் பாடம் நடத்துகிறவர்கள் முதலில் அந்தத் தெய்வத்தின் கருவறைக்குள் வந்து ஒரு நாள் நின்று பார்க்கட்டும்.

இன்னொரு குரல் நமக்குள்ளேயே இருக்கிறது. விளிம்புநிலை மக்களின் கொண்டாட்டத்தை ஒழுக்கம் என்ற பெயரில் ஒடுக்கக்கூடாது, குடி, சீட்டு என்று பேசுவதே நடுத்தரவர்க்கப் பார்வை என்று நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். கறி தின்பதையும் பறையடிப்பதையும் கேவலம் என்ற ஆதிக்கசாதி ஒழுக்கத்தைக் கட்டுடைக்கிற வேலையில் நாம் அவர்களோடு நிற்கிறோம். ஆனால் லாட்டரி நம் கொண்டாட்டம் இல்லை. பறை நம் கையில் இருக்கிறது, அடித்தால் நம் காலே ஆடுகிறது. லாட்டரியில் அச்சடிக்கிறவன், விற்கிறவனுக்குச் சரக்குக் கொடுக்கிறவன், வட்டிக்கு விடுகிறவன் எல்லாம் வேறு ஆள். கொண்டாட்டம் என்று நாம் பெயர் வைத்தால் அவன்தான் முதலில் கைதட்டுவான்.

அந்த நண்பர்கள் நம் பெண்களிடம் போய் இந்த வாதத்தைச் சொல்லிப் பார்க்கட்டும். சீட்டுக்குப் போன 50 ரூபாய், அவள் காலையில் அரிசிக்கென்று எடுத்து வைத்தது. தோற்றவன் கடனை மகளிர் குழுவில் அவள் பெயரில் எடுத்து அடைக்கிறார்கள். தண்டல்காரன் வாசலில் வந்து நின்று கத்தும்போது வெளியே வந்து பதில் சொல்கிறவள் அவள்தான். பாரதக் கதையில் ஒரு ராசா நாட்டையும் தம்பிகளையும் தோற்றுக் கடைசியில் பெண்டாட்டியையும் பணயம் வைத்தான். அவன் பெயரைத் தருமன் என்று வைத்திருக்கிறார்கள். 'உன்னையே தோற்ற பிறகு என்னை வைக்க உனக்கு என்ன உரிமை' என்று சபையில் கேட்டவள் திரௌபதி. அவள் கேட்ட கேள்வியை இன்று சேரியில் தினமும் கேட்கிறார்கள். தலித் அரசியல் பேசுகிற ஆண்களாகிய நம் காதில் அது விழுகிறதா என்பதே விசயம்.

இது நமக்கு மட்டும் நடந்ததில்லை. நியூயார்க்கில் கறுப்பு மக்கள் வாழ்கிற ஹார்லெம் பகுதியில் நம்பர்ஸ் என்று ஒரு ஆட்டம் இருந்தது. மூன்று இலக்கம்தான். சட்டவிரோதம். சில்லறைக் காசு கட்டலாம். முதலில் கறுப்பர்களே நடத்தினார்கள். 1930களில் வெள்ளைக் கொள்ளைக் கும்பல்கள் துப்பாக்கியோடு வந்து அதைப் பிடுங்கிக்கொண்டன. பிறகு 1970களில் மாநில அரசுகளே மூன்று இலக்க லாட்டரியைச் சட்டப்படி தொடங்கின. கறுப்பன் நடத்தியபோது குற்றம், அரசு நடத்தியபோது வருவாய். இளவயதில் ஹார்லெமில் இந்த ஆட்டத்துக்காகத் தெருவில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பையன்தான் பின்னாளில் மால்கம் எக்ஸ் ஆனான். அவன் சேர்ந்த இயக்கம் சூதை அடியோடு விலக்கி வைத்தது. எண்ணைப் பிடித்துக்கொண்டு ஓடிய கால்களைப் போராட்டத்துக்குத் திருப்ப முடியும் என்பதற்கு வரலாற்றில் சாட்சி இருக்கிறது.

அந்தப் பணம் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது? தேர்தல் பத்திரம் சட்டவிரோதம் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, யார் எவ்வளவு வாங்கினார்கள் என்ற பட்டியல் மார்ச்சில் வெளியானது. முதலிடம் லாட்டரிக் கம்பெனிக்கு. பியூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய். அதில் திரிணாமுல் காங்கிரசுக்கும் தி.மு.க.வுக்கும் ஆளுக்கு 500 கோடிக்கும் மேல் போயிருக்கிறது. மற்ற கட்சிகளுக்கும் பங்கு உண்டு. லாட்டரிக்குத் தடையுள்ள மாநிலத்தில் லாட்டரிப் பணத்துக்குத் தடையில்லை. எங்கோ ஒரு மாநிலத்தில் ஒரு கூலிக்காரன் சுரண்டிப் போட்ட சீட்டு, கோடிகளாகத் திரண்டு, கட்சிக்கொடியாகவும் கட்-அவுட்டாகவும் ஓட்டுக்குக் கொடுக்கிற நோட்டாகவும் மாறி மறுபடியும் நம் தெருவுக்கே வருகிறது. அப்போது மட்டும் விழாத சீட்டுக்கும் ஐநூறு ரூபாய் ஆறுதல் பரிசு.

சீட்டு என்கிற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு அர்த்தமும் இருக்கிறது. 'இந்தத் தடவ கூட்டணியில எத்தன சீட்டு?' தேர்தல் வந்தால் நம் தலைவர்களைப் பார்த்து எல்லோரும் கேட்கிற கேள்வி. பெரிய கட்சி வாசலில் காத்திருந்து, இரண்டோ மூன்றோ வாங்கி, அதையும் அவன் சின்னத்தில் நில் என்றால் நின்று, விழுந்தால் நம் வீட்டுக்கு, விழாவிட்டால் அவன் நாட்டுக்கு என்று திரும்பி வருகிற நிலை எப்படி வந்தது? 1932இல் பூனாவில் தனி வாக்காளர் தொகுதியைப் பிடுங்கிக்கொண்டு நம் கையில் திணித்த சீட்டைத்தான் இன்னும் சுரண்டிக்கொண்டிருக்கிறோம். தேர்தலில் நிற்காதே என்று நாம் சொல்லவில்லை. நிலமும் கூலியும் கேட்டு வருசம் முழுக்க நடத்த வேண்டிய போராட்டத்தை விட்டுவிட்டு, ஐந்து வருசத்துக்கு ஒரு குலுக்கலை நம்பி இயக்கம் உட்கார்ந்துவிட்டால், டீக்கடை மூலையில் நிற்கிற நம் ஆளைக் கண்டிக்கிற தகுதி நமக்கு இல்லாமல் போகும் என்றுதான் சொல்கிறோம்.

என்ன செய்யலாம்? சில யோசனைகள்.

சில்லறைக்கு விற்கிறவனை விரட்டுவதைப் போராட்டம் என்று நினைக்க வேண்டாம். 2003 தடையில் முதலில் தெருவுக்கு வந்தவர்கள் சீட்டு விற்றுப் பிழைத்த ஊனமுற்றவர்களும் வயசானவர்களும். இன்றைக்கும் வழக்கு அவர்கள் மேல்தான் விழுகிறது. உங்கள் பகுதியில் வழக்குப் போட்டிருந்தால், பின்னாலிருக்கிற மொத்த வியாபாரி பெயர் ஏன் அதில் இல்லை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேளுங்கள்.

மாணவத் தோழர்கள் விடுதிகளைக் கவனியுங்கள். மூணு நம்பர் கிழவர்களின் நோய் என்று நினைக்காதீர்கள். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்திருக்கிறது. தடை போட்ட பிறகு லாட்டரிக்கு என்ன நடந்தது என்பதைப் பார்த்தவர்கள் நாம். பணம் அனுப்புகிற செயலிகள்கூட விரலால் தேய்க்கச் சொல்லி ஒரு அட்டையைக் காட்டி, அடுத்த முறை அதிர்ஷ்டம் வரட்டும் என்று வாழ்த்திப் பழக்குகின்றன. காகிதம் போய்விட்டது, சுரண்டல் அப்படியே இருக்கிறது. உதவித்தொகை வந்த வாரத்தில் யார் போனில் என்ன ஓடுகிறது என்று அறைத் தோழனாகப் பேசுங்கள். வார்டனிடம் காட்டிக்கொடுப்பது வேண்டாம்.

சேரியில் கூட்டம் போடும்போது சீட்டுக்குப் போன காசை ஒரு மாசம் குறித்து வைக்கச் சொல்லுங்கள். தெருவுக்கு மொத்தம் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையைப் பார்த்தாலே பாதிப் பேச்சு முடிந்துவிடும். அந்தக் காசில் சங்கமே ஒரு சேமிப்பைத் தொடங்கினால், பட்டா வழக்குக்கு வக்கீல் வைக்கவும் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டவும் ஆகும்.

கடைசியாக ஒன்று. 'விழுந்தா என்ன பண்ணுவ' என்று கேட்டு, சொல்கிற பதிலை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வீடு, மனை, படிப்பு, நிலம். தெருவுக்கு ஒரு தாள். அதன் கீழே கையெழுத்தும் கைநாட்டும் வாங்குங்கள். அந்தத் தாளை வட்டாட்சியர் மேசையில் கொண்டுபோய் வையுங்கள். அந்த ஆசைகளில் தப்பு ஒன்றும் இல்லை. இதுவரை தப்பான ஆளிடம் காசு கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். இனி கடன்பட்டவனிடம், காசு கொடுக்காமல், கூட்டமாகப் போய்க் கேட்போம்.

ஜெய்பீம்.